வலது ஓரத்தில் விட்ட இடம்

பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பேராசிரியர் சந்தியாகப்பன் பத்தேகாலுக்கே வந்து ஆயர் இல்லத்துத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தோரு வருஷம் வகுப்புக்கு ஒரு நிமிஷம் பிந்தாத மனிதர், ரிட்டயர் ஆன பிறகு அந்தப் பெருமையை வேறு எங்கே கொண்டுபோய்க் காட்டுவது. மடியில் நீல ஃபைல். எதிர்ப் பெஞ்சில் ஜெசிந்தா, அவருடைய ஒரே மகன் பெலிக்ஸின் மனைவி. அந்த ஃபைல் உள்ளே போய் வேலையைச் செய்துவிட்டால் மனைவியாக இருந்ததே இல்லை என்று ஆகிவிடப்போகிறவள். திருச்சபைச் சட்டத்தின் அழகே அதில்தான் இருக்கிறது என்று அவர் மாணவர்களிடம் சொல்வதுண்டு. கோர்ட்டில் விவாகரத்து வாங்கினால் ஒரு கல்யாணம் இருந்தது, முறிந்தது என்று ஆகும். திருமண நடுவர் மன்றம் எதையும் முறிப்பதில்லை, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லிவிடும். ஏழு வருஷம் சமைத்தது, துவைத்தது, கிறிஸ்துமஸுக்கு முறுக்குச் சுற்றியது எல்லாம் ஒரு விருந்தாளி இழுத்துப்போட்டுச் செய்த வேலை. என்ன சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், அந்த ஊதாப் புள்ளி போட்டது, போன வருஷம் பெலிக்ஸ் மஸ்கட்டிலிருந்து வந்தபோது எடுத்துக் கொடுத்தது, வேண்டுமென்றே கட்டியிருப்பாளோ. சே, அவளுக்கு அவ்வளவெல்லாம் தோன்றாது. கையில் கிடைத்ததைக் கட்டியிருப்பாள். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக் என்றது, நாலைந்து சுற்று சும்மா இருந்தது, நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்ததும் மறுபடி டக் என்றது. வாசலில் நின்ற பியூன், “இருங்க சார், ஃபாதர் போன்ல பேசிட்டிருக்காவ,” என்றான். இருக்கிறேன், ஏழு வருஷம் இருந்தாயிற்று, இன்னும் பத்து நிமிஷம் இருக்கமாட்டேனா.

ஏழு வருஷம் என்பது கூடச் சரியில்லை, ஃபைலுக்குள் இருக்கும் காகிதம் அவரிடம் இருபது வருஷமாக இருக்கிறது. அவர் ஆராய்ச்சி மத்தியகால ஐரோப்பாவின் பிரபுக் குடும்பங்கள், அவர்களுடைய வம்சம், யார் யாரைக் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள், எப்படிக் கழற்றினார்கள் என்பது. அந்தக் காலத்தில் எல்லாரும் கேட்டார்கள், உனக்கு ஏன்டா வெள்ளைக்காரன் பெண் கட்டிய கதை, நம் ஊர் ஜமீன்களைப் பற்றி எழுதேன் என்று. எழுதலாம், வீடு தேடி வந்து அடிப்பான். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவன் எழுந்து வந்து அடிக்கமாட்டான். அந்தச் செத்தவர்களிடம் அவர் படித்த பாடம் ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் அடிக்குறிப்பு. பிரபுக்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வகையில் சொந்தம். அந்தச் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யக்கூடாது என்பது திருச்சபையின் தடை. ஆனாலும் செய்தார்கள். அது இவர்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், சில சமயம் ஆயருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. பெண் கொண்டுவந்த நிலம் நன்றாக விளைகிறதா, ஆண்பிள்ளை பிறந்ததா, சரி, சொந்தம் மறந்துபோகும். பிறக்கவில்லையா, அல்லது பக்கத்துச் சீமைக்காரிக்கு அதைவிடப் பெரிய நிலம் இருக்கிறதா, அப்போது யாரோ ஒருவருக்குத் திடீரென்று ஒரு பாட்டனார் ஞாபகம் வந்துவிடுவார், அடடா, நம் இரண்டு பேருக்கும் அவர் ஒருவர்தானே, இத்தனை வருஷம் பாவத்திலா வாழ்ந்தோம் என்று மாரில் அடித்துக்கொள்வார்கள். கொல்லைப்புறத்துக் கதவைத் தாழ் போடாமல் விட்டு வைப்பது. வகுப்பில் அந்த இடத்தில் அவர் கொஞ்சம் நிறுத்திப் பையன்கள் சிரிக்கும் வரை காத்திருப்பார். அன்றைக்குக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்களே, பெலிக்ஸுக்கும் ஜெசிந்தாவுக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று, அப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு பீடத்து மெழுகுவர்த்திகளை எண்ணினார். முதல் ஞாயிறு ஆறு, இரண்டாம் ஞாயிறு ஆறு, மூன்றாம் ஞாயிறு ஒன்று அணைந்திருந்தது. அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் அப்போது இல்லை, சத்தியமாக இல்லை. கதவைத் தாழ் போடவில்லை, அவ்வளவுதான்.

அப்பா. எல்லாம் அப்பா செய்த வேலை. சூசை வாத்தியார் என்றால் கரைப் பக்கம் முழுக்கத் தெரியும், வெள்ளைச் சட்டை, பூசைக்கு முதல் ஆள், பள்ளிக்கூடத்தில் பிரம்பெடுத்தால் பெரிய பையன்களுக்கே மூத்திரம் போய்விடும். அந்தப் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு பொங்கிப்போட்ட செபத்தியாள் புருஷன் செத்து மூன்று வருஷம் கழித்து ஒரு பெண்பிள்ளை பெற்றாள், மிக்கேலம்மாள் என்று பெயர் வைத்தாள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் இழுத்திருக்கிறது. அப்பா செத்த பிறகு அவருடைய ஜெபப் புத்தகத்துக்குள் கிடைத்தது ஒரு கடிதம், பங்குச் சாமியாருக்கு எழுதி அனுப்பாமல் வைத்துவிட்டது, அது என் ரத்தம், என் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும் சாமி, கீழே கையெழுத்து, தேதி. கடிதம் கிடைத்த அன்று சந்தியாகப்பனுக்கு அழுகை வந்தது என்று சொல்ல முடியாது. முதலில் வந்தது ஒரு சந்தோஷம், மூல ஆவணம் கையில் கிடைத்தவனுடைய சந்தோஷம். இரண்டாவதாகத்தான் அருவருப்பு வந்தது. ஆக மிக்கேலம்மாள் அவருக்குத் தங்கை. மிக்கேலம்மாளுடைய பிள்ளைகள் கஸ்பாரும் ஜெசிந்தாவும். யாருக்கும் தெரியாத இந்தச் சொந்தத்துக்கு மேல்தான் ஒரு நல்ல இடம் என்று மற்றவர்கள் பேசிவந்த சம்பந்தம் முடிந்தது, அதுவும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து. ஜெசிந்தா பெலிக்ஸுக்கு, அவருடைய மகள் ரெஜினா கஸ்பாருக்கு, ஒரே நாள், ஒரே பூசை, ஒரே பந்தி. நம் சனத்துக்கு அத்தை மகளும் மாமன் மகனும் கட்டிக்கொள்ளத்தான் பிறக்கிறார்கள், ரோமாபுரிக்கு அதே ஆட்கள் ஆயரிடம் விலக்கு வாங்காமல் கட்டினால் கட்டியது செல்லாது. விலக்கு வாங்க வேண்டுமானால் சொந்தத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் சூசை வாத்தியாரின் வெள்ளைச் சட்டை என்ன ஆவது. அந்தச் சட்டையை இன்றைக்கு அவர் கையாலேயே கழற்றப்போகிறார், பரவாயில்லை, போட்டிருந்தவர் போய்விட்டார். மிக்கேலம்மாளும் போய்விட்டாள், போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அவள் போகட்டும் என்றுதான் அவர் காத்திருந்தார். ஒரு பொம்பளையை அந்த வயதில் கூண்டில் ஏற்றிக் கேட்பது நன்றாக இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், அதைச் சொல்லிக்கொண்டபோது தான் நல்லவன்தான் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பதினொன்று ஆகவில்லை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே தெரியும், ரெஜினா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள். என்னப்பா ஆச்சு, ஜெசிந்தாவ ஏம்ப்பா இப்படி, அவரு மூஞ்சி குடுத்துப் பேசவே மாட்டேங்காருப்பா, மூணு மாசமா டைல்ஸ் கடையிலயே படுத்துக்கிடுதாரு. பேசுவார் கஸ்பார், எல்லாம் பேசுவார், எத்தனை நாளைக்கு முறைத்துக்கொண்டிருப்பார், இரண்டு பிள்ளை இருக்கிறது. பிள்ளை. அந்த ஒன்று இருந்தால் இங்கே வந்து உட்கார வேண்டியதே இல்லை. ஜெசிந்தாவை இரண்டு டாக்டரிடம் காட்டியாயிற்று, இரண்டு பேரும் உங்களிடம் ஒரு குறையும் இல்லையம்மா, உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க என்றார்கள். பெலிக்ஸ் அப்பா சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவான், டாக்டரிடம் போகமாட்டான். எதற்குப் போக வேண்டும், இந்த வம்சத்தில் அப்படி ஒரு குறை எந்தக் காலத்திலும் கிடையாது, அவர் எட்டுத் தலைமுறை எழுதி வைத்திருக்கிறார். வருஷத்தில் முப்பது நாள் ஊருக்கு வருகிறவன், அதில் பத்து நாள் கல்யாண வீடு, துட்டி வீடு, அது வேறு விஷயம், அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும். போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவர் பையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார், நெஞ்சு வலிக்கிறவர் பிடித்துக்கொள்வது மாதிரி, எதிரே ஜெசிந்தா சட்டென்று நிமிர்ந்தாள். “என்ன மாமா, நெஞ்சுக்கு ஏதும் செய்யுதா?” ஒன்றுமில்லை. “மாத்திரை போட்டிங்களா?” போடவில்லை. மூன்று மாதமாக அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், பிரஷர் மாத்திரையை எந்த டப்பாவில் வைப்பாள் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை, காலையில் தேடிவிட்டு வந்துவிட்டார். அவள் கைப்பையைத் திறந்து, பட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளி, தண்ணீர் பாட்டிலோடு எழுந்து வந்து நீட்டினாள். “எனக்குத் தெரியும், மறந்திருவிங்கன்னு. கொண்டாந்தேன்.” அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வது, பழக்கம். தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது நினைத்தார், இவள் நல்ல பெண்தான், நல்ல பெண்ணாக இருப்பது ஒரு தகுதியா என்ன, வீட்டு வேலைக்கு வருகிற குருவம்மாளும் நல்ல பெண்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நஷ்டம். இனி யார் படம் வரைவார்கள். ஜெசிந்தா பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள், கல்யாணமாகி வந்த புதிதில் அவருடைய கோணல்மாணலான வம்சப் படங்களைப் பார்த்துவிட்டு, இதை நான் வரைஞ்சு தரட்டுமா மாமா என்று கேட்டாள். சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்து, மை பேனாவால் ஒரு கோடு இழுத்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, பிள்ளைக்கு ஒற்றைக் கோடு, கட்டாமல் வைத்துக்கொண்டதற்குப் புள்ளிக் கோடு, எல்லாம் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். பிரபுக்களின் பெயர்களை அவள் வாய் படுத்திய பாட்டைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அச்சில் வந்த ஒரு படத்தில் ஒரு மகள் தன் தாய்க்கு முன்னால் பிறந்திருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். இந்த ஃபைலுக்குள் இருக்கும் படமும் அவள் வரைந்ததுதான். அது ஒரு சின்னத் தந்திரம், அவருக்கே அதில் கொஞ்சம் ரசனை உண்டு. மிக்கேலம்மாள் போன பிறகு ஒரு நாள், பிரான்சில் ஒரு சில்லறைப் பிரபு குடும்பம் என்று சொல்லி, பெயர்களை நான் பிறகு எழுதிக்கொள்கிறேன், நீ வட்டத்துக்குள் எண் மட்டும் போடு என்று கொடுத்தார். ஒன்றாம் எண் தகப்பன். இரண்டு அவன் மனைவி. மூன்றுக்குப் புள்ளிக் கோடு. “இந்த மூணாம் நம்பர் யாரு மாமா, வேலைக்காரியா?” என்று கேட்டாள். சமையல்காரி என்று சொல்லிவிட்டார், சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்றிருந்தது. அவள் நிமிரவில்லை, பேனா நிற்கவில்லை. நாலு இந்தப் பக்கத்து மகன், ஐந்து அந்தப் பக்கத்து மகள், ஆறும் ஏழும் பேரப்பிள்ளைகள், இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு, தன் தாலிக்குத் தானே இழுத்த கோடு. ஒரு பிழை கிடையாது. ஒன்றுதான், வலது பக்கம் ஒரு சாண் இடத்தைச் சும்மா விட்டிருந்தாள். அவள் படத்தில் அப்படி இருக்காது, தாளுக்கு நடுவில் அளந்து வைத்துத்தான் வரைவாள். இது இடது பக்கமாக ஒதுங்கி நின்றது, பந்தியில் ஒருத்தர் வருவார் என்று இலை போட்டு வைத்த மாதிரி. அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இப்போது மறுபடி அந்த இடம்தான் கண்ணுக்குள் வந்து நிற்கிறது, ஃபைலைத் திறந்து பார்க்கலாமா, வேண்டாம், அவள் பார்க்கிறாள்.

அந்த இடத்தில் யார் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. எட்டும் ஒன்பதும். ரெஜினாவும் கஸ்பாரும். பெலிக்ஸுக்கு எந்தப் பாட்டனோ ரெஜினாவுக்கும் அந்தப் பாட்டன்தான். ஒரே மாவில் ஊற்றிய இரண்டு தோசையில் ஒன்று மட்டும் புளிக்காது. இந்தக் கல்யாணம் செல்லாது என்றால் அந்தக் கல்யாணமும் செல்லாது, மகள் ஏழு வருஷமாக யாரோ ஒரு டைல்ஸ் கடைக்காரன் வீட்டில் இருந்து இரண்டு பெற்றிருக்கிறாள் என்று ஆகும். ஆனால் மன்றம் தன் முன்னால் வந்த வழக்கைத்தான் பார்க்கும், கேட்டதற்கு மட்டும்தான் பதில். மகள்களை எந்தக் காலத்தில் யார் படத்தில் போட்டார்கள், மத்தியகாலத்து ஆவணங்களைப் பார், மகன்களுக்கு எல்லாம் பெயர், மகள் என்று வந்தால் ஒரு எழுத்தும் புள்ளியும், பெயர் தெரியவில்லை என்று அர்த்தம், பல சமயம் அதுவும் இல்லை. விட்டுப்போவது ஒரு மரபு. ஜெசிந்தா சொல்லிவிட்டால்? சொல்லமாட்டாள். இதை அவர் ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். ரெஜினாவின் இரண்டாவது பேறுகாலத்தில் மூத்ததை மூன்று மாதம் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள், அது இன்றைக்கும் அத்தை ஊட்டினால்தான் சாப்பிடும். அந்தப் பிள்ளைகளின் தலையில் அவள் மண்ணள்ளிப் போடமாட்டாள். தனக்கு என்ன நடந்தாலும் போடமாட்டாள். அவளுடைய நல்ல மனசுதான் அவருக்கு ஜாமீன். இதை நினைக்கும்போது அவருக்குக் கூச்சம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, நிம்மதிதான் வந்தது, அந்த நிம்மதியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

டென்மார்க்கிலிருந்து பிரான்சுக்கு வந்த ராணி, இங்கெபோர்க், பதினெட்டு வயது இருக்கும், பாஷை தெரியாது. முதல் ராத்திரி முடிந்து மறுநாளே ராஜா பிலிப் அவளை வேண்டாம் என்றுவிட்டான், ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்தில் ஆயர்கள் கூடி ஒரு வம்சப் படம் தயாரித்தார்கள், ராஜாவின் செத்துப்போன முதல் மனைவிக்கு இவள் சொந்தம், ஆகையால் செல்லாது என்று சத்தியம் பண்ணினார்கள். படம் பொய். அவர்கள் பேசியது அவளுக்குப் புரியவில்லை. யாரோ எடுத்துச் சொன்னதும் அழுதுகொண்டே கெட்ட பிரான்ஸ் என்றாள், ரோமாபுரி, ரோமாபுரி என்றாள், அவளுக்குத் தெரிந்த லத்தீன் அவ்வளவுதான். பிறகு இருபது வருஷம் கோட்டைக்குக் கோட்டை மாற்றி அடைத்து வைத்தார்கள். அந்தப் பாடம் நடத்தும்போது சந்தியாகப்பனுக்குக் குரல் கம்மும், பெண்பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. பெரிய வித்தியாசம். அவர்களுடைய படம் பொய். என்னுடையது நிஜம், ஒவ்வொரு கோட்டுக்கும் ஆவணம் இருக்கிறது, நான் யாரையும் பொய் சொல்லித் தள்ளவில்லை, உண்மையைச் சொல்லித்தான் தள்ளுகிறேன். அந்தப் பெண் இருபது வருஷமும் என்ன சாப்பிட்டிருப்பாள். இவள் கஸ்பார் வீட்டில்தானே இருக்கப்போகிறாள், சாப்பாட்டுக்கு என்ன. மின்விசிறி டக் என்றது. “சார், உள்ள வாங்க. நீங்களும் வாங்கம்மா,” என்றான் பியூன். தனித்தனியாகத்தானே கேட்பார்கள். எழுந்திருக்கும்போது முழங்கால் நெட்டி முறிந்தது.

ஃபாதர் எரோணிமுஸ் சளி பிடித்த மூக்கைத் துடைத்துக்கொண்டே கடிதத்தைப் படித்தார், பதிவேட்டுப் பிரதியைப் படித்தார், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். “சார், அருமையா இருக்கு. யாரு வரைஞ்சது?” சந்தியாகப்பன் தொண்டையைச் செருமினார். ஜெசிந்தா, “நான்தான் ஃபாதர்,” என்றாள். ஃபாதர் அவளைப் பார்த்தார், பேராசிரியரைப் பார்த்தார், படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

“மூணாம் நம்பர்ல உங்க ஆச்சி பேரு எழுதியிருக்கும்மா. அஞ்சு உங்க அம்மா. உனக்கு இது தெரியுமா?”

“தெரியும் ஃபாதர். அம்மா சாகுறதுக்கு முந்தி சொல்லிட்டாவ.”

அப்படியானால் சாப்பாட்டு மேசையில். சமையல்காரி என்று சொன்னபோது. பேனா நிற்கவில்லை. சந்தியாகப்பன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“படம் சரிதானாம்மா? பாத்துச் சொல்லு.”

“சரிதான் ஃபாதர். ஒரு கோடு குறையுது,” என்று சொல்லிவிட்டு அவள் கைப்பையைத் திறந்தாள், மாத்திரை எடுத்த அதே பை. மை பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, ஒருமுறை உதறினாள். வலது பக்கம் விட்டிருந்த இடத்தில் நாலிலிருந்து ஒரு கோடு இறங்கியது, அதன் நுனியில் ஒரு வட்டம், எட்டு. ஐந்திலிருந்து ஒரு கோடு, ஒரு வட்டம், ஒன்பது. இரண்டுக்கும் நடுவே இரட்டைக் கோடு. இப்போது படம் தாளுக்குச் சரி நடுவில் இருந்தது.

“அன்னைக்கே இடம் விட்டுத்தான் வரைஞ்சேன் மாமா,” என்றாள். பிறகு ஃபாதரிடம், “எட்டு, மாமா மக ரெஜினா. ஒம்பது எங்க அண்ணன். ஒரே பூசையிலதான் ஃபாதர் ரெண்டு கல்யாணமும்.”

ஃபாதர் மூக்கைத் துடைக்க எடுத்த கைக்குட்டையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். “அப்ப இதே தடை அங்கயும் இருக்கே சார். நீங்க சொல்லலியே.”

“நீங்க கேக்கலை,” என்றார் சந்தியாகப்பன். அவருடைய குரலே அவருக்கு வேறு யாரோ பேசியது மாதிரி கேட்டது.

“தெரிஞ்ச பெறவு நான் சும்மா இருக்க முடியாது. பயப்படாதிங்க, இது பெரிய விஷயமில்ல. ஆயர்கிட்ட விலக்கு வாங்கிருவோம். உங்க மகளும் மருமகனும் கோயிலுக்கு வந்து, மறுபடி சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், முடிஞ்சுது. உங்க மகனுக்கும் இதே வழிதான் இருந்துச்சு. அவரு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. அது அவரு இஷ்டம், கட்டாயப்படுத்த முடியாது.” ஃபாதர் மன்றத்து முத்திரையை எடுத்தார். “உங்க மருமகனையும் கட்டாயப்படுத்த முடியாது.”

ஒரு வார்த்தை. டைல்ஸ் கடையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவன், தங்கச்சிக்கு ஒன்று என்றால் சட்டையைப் பிடிக்கிறவன், மூன்று மாதமாக என் வீட்டுப் படி ஏறாதவன், அவன் கோயிலுக்கு வந்து, என் மகள் முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தை. ஃபைலைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர் கை நீண்டது. ஃபாதர் அதற்குள் படத்தின் மேல் முத்திரை வைத்துவிட்டிருந்தார். மை இன்னும் காயாமல் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே பளபளத்தது. போன் அவருடைய நெஞ்சின் மேல் அதிர ஆரம்பித்தது. நிற்கவில்லை.

ஜெசிந்தா பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எடுங்க மாமா, ரெஜினாவாத்தான் இருக்கும். அண்ணன்கிட்ட நான் கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லுங்க.”